மூணு இருபது வண்டி

பாக்கியசீலனுக்குக் குரல்தான் சொத்து. "ஏறு, ஏறு, உள்ள போ, உள்ள போ! நடுவுல என்னலே, பந்தலா போட்டிருக்கு?" என்று அவர் படிக்கட்டில் நின்று ஒரு சத்தம் போட்டால், ஆற்றங்கரை மருத மரத்தில் தூங்கும் கொக்குகள்கூட எழுந்து ஒருமுறை இடம் மாறி உட்காரும். திருநெல்வேலி ஜங்ஷனில் புறப்பட்டு, தாமிரபரணியை ஒட்டியே மேற்கே போய், கடைசியாக ஆறுதல்புரம் சர்ச் வாசலில் திரும்பும் அந்த மினிபஸ்ஸுக்குப் பதினான்கு வருடமாக அவர்தான் கண்டக்டர். ஒன்பது நிறுத்தம். ஒன்பதிலும் எந்தப் பிள்ளை எந்த வகுப்பு, யாருக்கு யாரோடு பேச்சுவார்த்தை இல்லை, யார் படிக்கட்டில் தொங்குவான் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி.

இவ்வளவு பெரிய குரல் சர்ச் மேடையில் ஏறினால் மட்டும் எங்கே போகுமோ தெரியாது. பல வருடங்களுக்கு முன் ஓர் அறுப்பின் பண்டிகையில் சாட்சி சொல்லக் கூப்பிட்டார்கள். தன் வாழ்க்கையில் கடவுள் செய்ததை நாலு பேர் முன்னால் நின்று சொல்வதுதான் சாட்சி. பாக்கியசீலன் ஏறினார், மைக்கைப் பார்த்தார், "எல்லாருக்கும்..." என்றார், இறங்கிவிட்டார். அன்றிலிருந்து நாற்காலி போடுவதும் மைக்செட்டுக்குச் சொல்வதும் தண்ணீர் டிரம் நிரப்புவதும்தான் அவர் பங்கு. அதில் அவருக்கு மனக்குறை எதுவும் இல்லை.

ஆனால் ஓர் ஆசை மட்டும் இருந்தது. தினமும் தன் வண்டியில் ஏறி இறங்கும் இந்தப் பிள்ளைகளுக்கு இயேசுவைப் பற்றி ஒருநாளாவது சொல்ல வேண்டும். தன்னால் பேச முடியாது. பேசத் தெரிந்தவரைக் கூட்டிவந்தாவது சொல்ல வைக்க வேண்டும். அப்படித்தான் இரண்டு வருடத்துக்கு முன்னால், வளரும் பிள்ளைகளுக்கென்று தனியாக ஒரு கூட்டத்தைத் தொடங்கிவைத்தார். முதல் வருடம் இருபத்து மூன்று பேர் வந்தார்கள். இரண்டாம் வருடம் பத்தொன்பது. அத்தனை பேரும் ஞாயிற்றுப் பள்ளிப் பிள்ளைகள், சொல்லப்போகும் கதையைப் பேச்சாளருக்கே எடுத்துக் கொடுப்பவர்கள்!

"குளிச்சு முடிச்சவன் தலையிலயே திரும்பத் தண்ணி ஊத்துதோம் பாக்கியம்" என்றார் உபதேசியார் ஞானையா. போதகரான ஐயர் இல்லாத நாளில் சபையைப் பார்த்துக்கொள்பவர் அவர்தான். "இந்த வருசமும் வெளிப்பிள்ளைய வரலன்னா இத்தோட நிறுத்திக்கிடலாம்னு கமிட்டில சொல்லிட்டாவ. நான் என்ன செய்ய?"

பாக்கியசீலனுக்கு அன்று சோறு இறங்கவில்லை.

இந்தத் தடவை நோட்டீஸை நம்பவில்லை. காலாண்டுத் தேர்வு நடந்த இரண்டு வாரமும் பஸ்ஸிலேயே ஒவ்வொரு பிள்ளையாகக் கூப்பிட்டார்.

"பாட்டு உண்டாண்ணே?" என்று கேட்டாள் பிருந்தா. பதினொன்றாம் வகுப்பு, வாய் மட்டும் கல்லூரி முடித்தது.

"உண்டு."

"டான்ஸு?"

"கையத் தட்டலாம்."

"சாப்பாடு?"

"அசனம் உண்டு தாயி. எல்லாரும் வரிசையா உக்காந்து சாப்பிடுத சபை விருந்து. மட்டன் கொழம்பு."

படிக்கட்டிலிருந்து ஒரு தலை உள்ளே நீண்டது. ஸ்ரீவிஷ்ணு, அதே வகுப்பு. அவன் உள்ளே நின்று யாரும் பார்த்ததில்லை. "நான் மட்டன் சாப்பிட மாட்டேனேண்ணே."

"ஒனக்குத் தனியா சாம்பாருக்குச் சொல்லியாச்சு. அக்ரகாரத்துப் பையன்னு தெரியாதாலே எனக்கு? மொதல்ல உள்ள வந்து நில்லு."

பிருந்தாவின் அப்பா நெல்லையப்பன், பள்ளிக்கூட வாத்தியார். மறுநாள் அவரே வண்டியில் ஏறி, நேராகவே கேட்டார். "பாக்கியம், மதம் மாத்துத கூட்டமா?"

"மறைக்க ஒண்ணுமில்ல சார். இயேசுவப் பத்திதான் சொல்லப்போறோம். கேக்கதும் விடுததும் பிள்ளைய இஷ்டம். வீட்டுல சம்மதிச்சா மட்டும் வரட்டும். நீங்களும் கூட வந்து உக்காருங்க."

"வருவேன்."

"வரணும் சார்."

எல்லாரிடமும் கடைசியாக ஒரே வார்த்தை. "எப்பவும் போல நம்ம மூணு இருபது வண்டில ஏறுங்க. சர்ச் வாசல்ல இறங்குங்க. அவ்வளவுதான்."

சனிக்கிழமை வந்தது. கூட்டத்தைக் கவனிக்க வேண்டுமே என்று பாக்கியசீலன் லீவு சொல்லிவிட்டார். காலையிலிருந்தே ஓட்டம்தான். நூறு நாற்காலி. வாசலெல்லாம் பலூன். பின்பக்கம் மட்டன் கொதிக்கும் வாசனைக்குத் தெரு நாய்கள் எல்லாம் முன்பதிவு செய்ததுபோல வந்து படுத்திருந்தன. பாளையங்கோட்டையிலிருந்து பேச்சாளர் மூன்று மணிக்கே வந்துவிட்டார். வரவேற்புரையை மட்டும் பாக்கியசீலன் வாசித்தே ஆக வேண்டும் என்று ஞானையா கண்டிப்பாகச் சொல்லி, அதை ஒரு தாளில் எழுதியும் கொடுத்திருந்தார். 'மாட்சிமை பொருந்திய இம்மாலை வேளையிலே' என்று தொடங்கியது. அதை மடித்துப் புது வெள்ளைச் சட்டைப் பையில் வைத்ததிலிருந்தே அவருக்கு உள்ளங்கை வேர்த்துக்கொண்டிருந்தது.

மூன்று ஐம்பதுக்கு வண்டி வாசலில் திரும்ப வேண்டும். வரவில்லை. நான்காயிற்று. நான்கு பத்து. ஞாயிற்றுப் பள்ளிப் பிள்ளைகள் இருபது பேர் கடைசி வரிசையில் உட்கார்ந்து பலூனை உடைத்துக்கொண்டிருந்தார்கள். முன்னால் எண்பது காலி நாற்காலி. ஞானையா கைக்கடிகாரத்தைப் பார்த்தார், பாக்கியசீலனைப் பார்த்தார், பிறகு வேலிப் பக்கமாகப் பார்வையைத் திருப்பிக்கொண்டார். பாக்கியசீலன் ரோட்டையே பார்த்தார். ஒரு பிள்ளைகூடவா வரவில்லை? சும்மா தலையாட்டித்தான் ஏமாற்றிவிட்டார்களா?

போன் அடித்தது. டிரைவர் அசன் மைதீன்.

"வே பாக்கியம், நீரு என்ன வே செஞ்சு வச்சிருக்கீரு? வண்டி முதுகுல எழுதியிருக்கது எம் போன் நம்பருல்லா, பத்து நிமிசமா அடிச்சிக்கிட்டே கெடக்கு. ஒம்ம பிள்ளைய எல்லாம் ஸ்டாப்பு ஸ்டாப்பா வெயில்ல நிக்காவளாம்!"

"வண்டி வரலியா?"

"வண்டி எப்படி வே வரும்? கண்டக்டரு லீவுல்லா!"

பாக்கியசீலன் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். பதினான்கு வருடத்தில் அவர் லீவு போட்டதெல்லாம் பெரிய வெள்ளிக்கும் கிறிஸ்துமஸுக்கும்தான். அந்த நாட்களில் அவர் சர்ச்சில் இருப்பார். தான் இல்லாத நாளில் வண்டி ஷெட்டை விட்டே நகராது என்பதை அவர் ஒருநாளும் நின்று பார்த்ததில்லை! இன்று காலையிலிருந்து வாசலில் வண்டி ஒருமுறைகூடத் திரும்பாததும் வேலை மும்முரத்தில் கண்ணில் படவில்லை. பிள்ளைகளையெல்லாம் வண்டியில் வரச் சொல்லிவிட்டு, வண்டிக்கு விசிலடிக்க வேண்டிய ஆள் இங்கே பலூன் கட்டிக்கொண்டிருந்திருக்கிறார்.

"முதலாளிட்ட கேட்டாச்சு, ஸ்பெசலா எடுத்துக்கோங்கன்னுட்டாரு" என்றார் அசன் மைதீன். "நான் வண்டியோட வாரேன். நீரு மொத ஸ்டாப்புக்கு வாரும். படிக்கட்டுல தொங்குத பயலுவளப் பாக்க எனக்குக் கண்ணு முதுகுலயா இருக்கு?"

வெள்ளைச் சட்டைக்கு மேலேயே காக்கிச் சட்டையை மாட்டினார். ஞானையா தன் மொபட்டை உதைத்தார். வெள்ளை ஜிப்பா பறக்க உபதேசியார் ஓட்ட, பின்னால் கண்டக்டர் விசிலைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்து போன அந்தக் காட்சியை, ஆறுதல்புரத்தில் பார்த்தவர்கள் பார்க்காதவர்களுக்கு இன்னும் நடித்துக் காட்டுகிறார்கள். முதல் நிறுத்தத்து டீக்கடையில் மொபட்டை விட்டுவிட்டு ஞானையாவும் பஸ்ஸில் ஏறிக்கொண்டார்.

நிறுத்தத்துக்கு நிறுத்தம் பிள்ளைகள் நின்றார்கள். ஒருவரும் வீட்டுக்குத் திரும்பிப் போகவில்லை! புதுத் துணி, தலை நிறையப் பூ, வெயிலில் சிவந்த முகம். "அண்ணே வந்துட்டாருடோய்!" என்று ஒவ்வொரு இடத்திலும் கூச்சல். மூன்றாவது நிறுத்தத்தில் பிருந்தா இடுப்பில் கைவைத்து நின்றாள். பக்கத்தில் நெல்லையப்பன் வாத்தியார் குடை பிடித்திருந்தார்.

"ஏண்ணே, எங்கள வரச் சொல்லிட்டு நீங்க வீட்டுல தூங்கிட்டியளோ?"

"திட்டுததெல்லாம் ஏறிட்டுத் திட்டு தாயி. ஏறு, ஏறு!"

வாழையிலை விற்கும் ஆவுடைத்தாயும் தன் இலைக்கட்டோடு ஏறினாள். "ஏ ஆச்சி, இது ஸ்பெசல் வண்டி" என்றார் டிரைவர். "நிக்க வண்டில ஏறுவேன், வேற என்ன ஸ்பெசலு?" என்று சொல்லி முன் சீட்டில் அமர்ந்துவிட்டாள்.

அறுபத்து மூன்று பிள்ளைகள். பாக்கியசீலன் எண்ணிவிட்டுத் திரும்பவும் எண்ணினார். கார் பருவத்து அறுவடை நெல்லைப் பாதி ரோட்டில் காயப்போட்டிருந்ததால் வண்டி பைய ஊர்ந்தது. ஆறாவது நிறுத்தம் தாண்டியதும் ரயில்வே கேட் மூடியிருந்தது.

அசன் மைதீன் இன்ஜினை அணைத்தார். ஐந்து நிமிடம் ஆயிற்று. ரயிலைக் காணோம். உள்ளே புழுக்கம்.

"அண்ணே, வேர்க்கு" என்றாள் பிருந்தா. "அங்கன போயி என்ன சொல்லுவாவ? அத இங்கனயே சொல்லுங்களேன், கேட் தொறக்கதுக்குள்ள."

பாக்கியசீலனின் கை பைக்குள் போனது. தாள் வேர்வையில் நனைந்து மை ஓடியிருந்தது. மாட்சிமை பொருந்திய மாலை வேளை கரைந்தே போய்விட்டது. அவர் தன் வழக்கமான இடத்தில், படிக்கட்டுக் கம்பியில் முதுகைச் சாய்த்து நின்றிருந்தார். எப்போது பேச ஆரம்பித்தார் என்று அவருக்கே தெரியாது.

"நான் பத்தாவது ஃபெயிலு. தெரியுமா ஒங்களுக்கு?"

"அண்ணே!" என்று நாலைந்து குரல்கள்.

"சிரிக்காதிய. ரிசல்ட்டு வந்த அன்னைக்கு வீட்டுக்குப் போகல. எங்க ஊரு உடன்குடிப் பக்கம். அங்கன இருந்து பஸ் ஏறி ஜங்ஷனுக்கு வந்துட்டேன். மூணு நாளு பஸ் கழுவிப் போட்டுக்கிட்டு, அங்கனயே படுத்துக் கெடந்தேன். எங்கப்பா பனையேறி. அது கருப்பட்டி சீசனு. பனையேறி ஒரு நாளு மரம் ஏறி பாளை சீவலன்னா அந்தப் பாளை போச்சு. அதனால என்னையத் தேடி யாரும் வரப்போறதில்லன்னு நெனச்சேன். ஃபெயிலான பயல யாரு தேடுவா?"

பின்னால் நின்றவர்கள் முன்னால் நகர்ந்தார்கள்.

"மூணாம் நாளு சாயங்காலம் ஒரு வண்டிய கழுவிக்கிட்டிருக்கேன். காலடிச் சத்தம் கேட்டுத் திரும்பினா எங்கப்பா. மூணு நாளா மரம் ஏறல. ஒவ்வொரு பஸ்ஸா ஏறி, சீட்டு சீட்டா பாத்து, இறங்கி, அடுத்த பஸ்ஸு. கால் வீங்கிப் போச்சு. எல்லாப் பாளையும் காஞ்சு போச்சு."

"அடிச்சாவளாண்ணே?" என்றாள் பிருந்தா, குரலே இல்லாமல்.

"இல்ல. 'சாப்பிட்டியாலே?'ன்னு கேட்டாவ. அவ்வளவுதான். மார்க்கப் பத்தி இன்னைக்கு வரைக்கும் ஒரு வார்த்த கேக்கல." அவர் விசிலைக் கையில் உருட்டிக்கொண்டே சொன்னார். "மேடையில பெரிய ஆளுவ நல்லா சொல்லுவாவ. எனக்குத் தெரிஞ்சது இதான். இயேசுன்னா எனக்கு அப்படித்தான். பஸ் பஸ்ஸா ஏறித் தேடுத ஆளு. பாஸானவனயும் தேடுவாரு, ஃபெயிலானவனயும் தேடுவாரு. நம்ம கிட்ட மொதக் கேள்வியே சாப்பிட்டியான்னுதான் இருக்கும். எங்கப்பா மொகத்துல நான் அவரப் பாத்தேன். அத ஒங்ககிட்ட சொல்லணும்னுதான் ரெண்டு வருசமா கெடந்து அடிச்சிக்கிடுதேன்."

அப்போதுதான் ரயில் வந்தது. தடதடவென்று பெட்டிகள் போய் முடிந்தன. கேட் திறந்தது. ஆவுடைத்தாய் முந்தானையால் மூக்கைத் துடைத்து, "சவத்து வெயிலு, கண்ணெல்லாம் எரியுது" என்றாள். நெல்லையப்பன் வாத்தியார் ஜன்னலுக்கு வெளியே வயலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்.

"ஒங்க அப்பா இருக்காவளா பாக்கியம்?"

"இருக்காவ சார். இப்ப மரம் ஏறுததில்ல. டெய்லி போன் போட்டு 'சாப்பிட்டியா'ன்னு கேக்காவ."

வாத்தியார் தலையசைத்தார். பக்கத்தில் இருந்த மகளின் தலையில் கையை வைத்து, அங்கேயே வைத்திருந்தார்.

"ஏய், எவம்லே அது உள்ள வந்து உக்காந்திருக்கது?" என்று கண்ணாடியைப் பார்த்துக் கத்தினார் அசன் மைதீன். ஸ்ரீவிஷ்ணு! படிக்கட்டை விட்டு உள்ளே வந்து, தரையில் சம்மணம் போட்டிருந்தான். வண்டியே சிரித்தது. பாக்கியசீலன் இரண்டு விசில் கொடுத்தார்.

ஆறுதல்புரம் போய்ச் சேரும்போது ஐந்தரை. காத்திருந்த இருபது பிள்ளைகளும் பாட்டுப் பாடி ஓய்ந்திருந்தார்கள். வரவேற்புரைக்கு யார் என்று பேச்சாளர் கேட்க, "வரவேற்பு, சாட்சி எல்லாம் ரயில்வே கேட்லயே முடிஞ்சுட்டு" என்றார் ஞானையா. பேச்சாளர் நல்ல மனிதர். விஷயத்தைக் கேட்டுவிட்டு, தான் கொண்டுவந்த பேச்சை மடித்து வைத்து, பிள்ளைகளைப் பாட வைத்தார், கேள்வி கேட்க வைத்தார், சின்னதாக ஒரு ஜெபம் செய்தார்.

அசனத்தில் எல்லாரும் ஒரே வரிசை. இலை போதாமல் போக, ஆவுடைத்தாய் தன் கட்டைப் பிரித்தாள். வாத்தியார் வீட்டுக்கும் ஸ்ரீவிஷ்ணுவுக்கும் சாம்பார். அசன் மைதீன் மட்டும் இலைமுன் உட்கார்ந்து ஞானையாவை ஏறிட்டுப் பார்த்தார்.

"உபதேசியாரே, ஆடு யாரு அறுத்தது?"

"ஒம்ம ஊரு பாய்தான் வே. பாக்கியம் மொதல்லயே சொல்லி வச்சிட்டான்."

"அப்பச் சரி, ஊத்தும். பாக்கியம், இந்த நெனப்பு லீவு போடும்போது எங்க வே போச்சு?"

இருட்டிய பிறகு திரும்பவும் வண்டியில். இறங்கும்போது நாலைந்து பேர் படிக்கட்டில் நின்று, "அண்ணே, அரையாண்டுப் பரீச்சைக்கு எங்களுக்காக ஜெபம் பண்ணுங்க" என்று காதில் சொல்லிவிட்டு ஓடினார்கள். ஒவ்வொரு பெயரையும் பாக்கியசீலன் டிக்கெட் புத்தகத்தின் பின்னட்டையில் எழுதிக்கொண்டார்.

முதல் நிறுத்தத்தில் மொபட்டை எடுக்க ஞானையா இறங்கினார். இறங்கியவர் ஜன்னலைத் தட்டினார்.

"கமிட்டிக்கு நான் சொல்லிக்கிடுதேன். கூட்டம் அடுத்த வருசமும் உண்டு. ஆனா ஒரு கண்டிசன்."

"என்னய்யா?"

"அன்னைக்கு நீ டூட்டிக்கு வரணும்."

பாக்கியசீலன் சிரித்தார். கண் கலங்கியது, அதோடேயே சிரித்தார். விசிலை வாயில் வைத்தார், இரண்டு தடவை ஊதினார்.