வளையத்துக்குப் பின்னால பலகை இல்லை

தமிழ்ப்பள்ளியில வேலை பார்க்கிற எல்லாருக்கும் தெரியும், நாம படிச்சது ஒன்னு, நம்ம தலையில கட்டுறது வேற ஒன்னு. தமிழ் படிச்சவங்க கையில பந்தையும், விளையாட்டு படிச்சவங்க கையில மைக்கையும் குடுத்துட்டு "சமாளிங்க"ன்னு போயிடுவாங்க. நீங்களும் அப்படி மாட்டினவங்கன்னா வாங்க, பக்கத்துல உட்காருங்க. என் கதையக் கேட்டா உங்க கதை தேவலைன்னு தோணும்.

உருண்டை

நான் மலேசியாவுல கிள்ளான்காரி. டெங்கில் பக்கம் செம்பனைத் தோட்டத்துக்கு நடுவுல இருக்கிற ஒரு சின்னப் பள்ளியில தமிழ் சொல்லிக் குடுக்கிறேன். பேச்சுப் போட்டின்னா எனக்கு உயிர். வருஷத் தொடக்க மீட்டிங்கில தலைமையாசிரியர், நாங்க பெரிய சார்னு சொல்றவரு, பொறுப்புகளை வாசிக்கிறார். பேச்சுப் போட்டி செல்வம் சாருக்காம். அவரு விளையாட்டுக்குன்னே பயிற்சி எடுத்துட்டு வந்த மனுஷன். பொம்பளைப் பிள்ளைங்க வலைப்பந்து எனக்காம்! ஏன் சார்னு கேட்டா, பொண்ணுங்க டீமோட வெளிய போக லேடி டீச்சர்தான் வேணும், மத்த லேடி டீச்சருங்க ரெண்டு பேரும் மாசமா இருக்காங்கன்னாரு.

விடாம அவரு அறை வரைக்கும் பின்னாலயே போனேன். கடைசியில ஒரு வாக்கு குடுத்தாரு. வட்டாரப் போட்டியில ஒரே ஒரு ஆட்டம் ஜெயிச்சுட்டா அடுத்த வருஷம் பேச்சுப் போட்டி எனக்கு. எங்க பள்ளி வலைப்பந்துல ஜெயிச்சதா சரித்திரமே இல்ல. எனக்கு ஆட்டமே தெரியாதே சார்னேன். அவரு கண்ணாடியத் துடைச்சுக்கிட்டே சொன்னாரு:

"பந்து உருண்டையா இருக்கும் டீச்சர். மத்ததெல்லாம் போகப் போகத் தெரிஞ்சிடும்."

பலகை எங்கே?

வீட்டுல உட்கார்ந்து வீடியோ பார்த்தேன். தட்டிக்கிட்டே ஓடுறது, குதிச்சு வளையத்துக்குள்ள போடுறது, எல்லாம் பார்த்து எழுதி வச்சுக்கிட்டேன். மறுநாள் திடலுக்குப் போனா, நம்ம கம்பத்துல வெறும் வளையம் மட்டும் தொங்குது. பின்னால பலகையக் காணோம். யாரோ கழட்டிட்டுப் போயிட்டாங்கன்னு எனக்கு வந்துச்சே கோபம்! பெற்றோர் சங்கத் தலைவரு நாற்காலி மேசை செய்யிற கடை வச்சிருக்காரு. அவருக்கு ஃபோன் போட்டுப் புலம்பினேன். தங்கமான மனுஷன், ரெண்டு பலகை அறுத்து, வெள்ளைச் சாயம் அடிச்சு, அவரே ஏணி போட்டு ஏறி மாட்டிக் குடுத்தாரு.

பிள்ளைங்க பந்தைத் தட்டித் தட்டி ஓடுதுங்க, பலகையில பட்டு கோல் விழுது. எனக்கு ஒரே பெருமை. செல்வம் சார் கேன்டீன் பக்கம் நின்னு கையில மைலோ கிளாஸோட ரொம்ப நேரம் பார்த்துக்கிட்டே இருந்தாரு. அப்புறம் மெதுவா வந்து, பிள்ளைங்களுக்குக் கேட்காத மாதிரி சொன்னாரு:

"நல்லாத்தான் சொல்லிக் குடுக்கிறீங்க டீச்சர். ஆனா இது கூடைப்பந்து லா."

சோத்துத் தட்டு

பலகையக் கழட்டினோம். தலைவரு முகத்தை நான் நிமிர்ந்தே பார்க்கல. வலைப்பந்துல பந்தைத் தட்டிக்கிட்டு ஓடக்கூடாதாம். பந்து கைக்கு வந்ததும் ஊன்றின காலை எடுக்கலாமாம், ஆனா பந்தை விடுறதுக்கு முன்னால அதே காலைத் திரும்பக் கீழ வைக்கக்கூடாதாம். அப்போ காலை எடுத்துட்டு எங்கதான் வைக்கிறது, தலையிலயா? எனக்கே புரியாததைப் பிள்ளைங்களுக்கு எப்படிச் சொல்ல? "பந்து கையில பட்டா அப்படியே சிலை மாதிரி நில்லுங்க"ன்னு ஒரே போடா போட்டுட்டேன்.

மத்ததுங்க மறந்துடுச்சுங்க. தர்ஷினி மட்டும் மறக்கல. ஆறாம் ஆண்டு, டீம்லயே உசரமான பிள்ளை, சொன்ன சொல் தட்டாது. ரெண்டு நாள் கழிச்சு அது அம்மா ஃபோன் பண்ணாங்க. குரல்லயே கலவரம்.

"டீச்சர், சோத்துத் தட்டைக் கையில குடுத்தா எம்பொண்ணு அசையாம நிக்குறா. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகவா?"

ரகசியக் கூட்டணி

அங்க செல்வம் சாரு பாடு என்னைவிட மோசம். அவரு பயிற்சி குடுத்த பையன் மேடையில ராணுவ அணிவகுப்பு மாதிரி விறைச்சுக்கிட்டுப் பேசுறான். அவருக்கும் பெரிய சார் இதே வாக்கைத்தான் குடுத்திருக்காருன்னு அப்பத்தான் தெரிஞ்சது. ஒரு பரிசு வாங்கிட்டா விளையாட்டு திரும்ப அவருக்கு. பிறகென்ன, பள்ளி விட்டதும் ரெண்டு பேரும் கேன்டீன்ல உட்கார்ந்தோம். நான் பேச்சைச் சரி பண்ண, அவரு மேசையில கிச்சாப் சாஸ் பாட்டிலையும் கிளாஸையும் நிறுத்தி ஆட்டத்தை விளக்குவாரு.

ஏழு பேரு ஆடுறாங்க, ஆனா ரெண்டே பேருதான் கோல் போடலாமாம். மத்தவங்களுக்கு இது வரைக்கும்தான் வரலாம், அந்த வட்டத்துக்குள்ள காலே வைக்கக்கூடாதுன்னு ஏகப்பட்ட எல்லை. அப்போ மத்த அஞ்சு பேரு எதுக்கு சார்னு எரிச்சலாக் கேட்டேன். மனுஷனுக்குச் சுருக்குன்னு கோபம் வந்துடுச்சு.

"பேசப் போறது ஒருத்தன்தானே டீச்சர்? அவைத் தலைவர், நடுவர், மணிக்காப்பாளர்னு தனித்தனியா வணக்கம் எதுக்கு?"

யாரு பந்து?

வட்டாரப் போட்டி அன்னிக்கு முதல் ரெண்டு ஆட்டமும் போச்சு. மிச்சம் ஒன்னுதான். இதுவும் போனா இன்னொரு வருஷம் வெயில்ல காயணும். எதிர் டீம் ஒரு கோல் போட்டுச்சு. கோல் வாங்கினவங்கதானே அடுத்து ஆரம்பிக்கணும்? நடுவர் பந்தைத் திரும்பவும் அவங்களுக்கே குடுக்குறாங்க! நான் கோட்டுக்குப் பக்கத்துல நின்னு கத்தினேன். யாரு கோல் போட்டாலும் மாத்தி மாத்தித்தான் ஆரம்பிக்கணும்னு நடுவரா இருந்த அந்த மலாய்க்கார டீச்சர் பொறுமையா விளக்கினாங்க. எனக்கு ஒன்னும் ஏறல.

கடைசி நேரம், ரெண்டு பக்கமும் சமம். வட்டத்துக்குள்ள தர்ஷினி கைக்குப் பந்து வந்துச்சு. அசையாம நின்னா. தடுக்குற பொண்ணு மூனடி தள்ளி நின்னுதான் கைய நீட்டணும், தர்ஷினி உசரத்துக்கு அது எட்டல. பந்து வளையத்துமேல ஒரு சுத்து சுத்தி உள்ள விழுந்துச்சு. உடனே விசில். பிள்ளைங்க கத்துதுங்க. அது தப்புக்கு ஊதின விசிலா, ஆட்டம் முடிஞ்ச விசிலா? ஓடிப்போய் நடுவரையே கேட்டேன், யாரு ஜெயிச்சதுன்னு. அவங்க சிரிச்சுட்டு என் தோளைத் தட்டினாங்க.

"சிகு மெனாங் லா!"

டீச்சர் ஜெயிச்சுட்டீங்கன்னு மலாய்ல சொல்றாங்க. ஜெயிச்சது நாங்கதான். ஏழு பிள்ளைங்களையும் கட்டிப் பிடிச்சுக்கிட்டு ஓன்னு அழுதேன்.

வாக்கு

அதே வாரம் செல்வம் சாரோட பையனும் பரிசு வாங்கிட்டான். திங்கக்கிழமை சபைகூடல் முடிஞ்சதும் ரெண்டு பேரும் மாப்பிள்ளை வீட்டுக்காரங்க மாதிரி சிரிச்சுக்கிட்டே பெரிய சார் அறைக்குள்ள போனோம். அவரு எழுந்து கையக் குடுத்தாரு, டீ வரவழைச்சாரு. வாக்கை ஞாபகப்படுத்தினேன். எனக்குக் குடுத்ததையும் செல்வம் சாருக்குக் குடுத்ததையும் ஒரு வார்த்தை மாறாம அவரே சொன்னாரு. சொல்லிட்டு, ரொம்பப் பாசமா எங்களைப் பார்த்தாரு.

"இவ்வளவு காலமா ஜெயிக்காத பள்ளி இது. ஜெயிச்சுக் குடுத்த உங்க ரெண்டு பேரையும் மாத்தினா பெற்றோருங்க என்னைச் சும்மா விடுவாங்களா? அப்புறம் டீச்சர், ஹாக்கிக்கும் ஆள் இல்ல."

வலைப்பந்துல கைக்கு வந்த பந்தை மூனு செகண்டுக்குள்ள அடுத்தவங்ககிட்ட தள்ளி விட்டுடணுமாம், பள்ளிக்கூடத்துல மட்டும் கைக்கு வந்ததை ரிட்டையர் ஆகிற வரைக்கும் நாமதான் பிடிச்சுக்கிட்டு நிக்கணும்.