குச்சிக்குத் தடை, கிடாவுக்கு இல்லை

கீரனூர்ப் பக்கம் ஒரு குன்றில் சமணர் படுக்கைகளைப் பார்த்துவிட்டு இறங்குகிறேன். 'எளிதான நடைபாதை' என்று பலகை வைத்தவருக்கு முழங்கால்களே இல்லை போலும். அடிவாரத்தில் கருப்பர் கோயில்காடு. மண்குதிரைகள் பதினேழு, காது உள்ளவை நான்கு. கீழே கிடந்த காய்ந்த கிளையை எடுத்து ஊன்றிக்கொள்கிறேன். இது இல்லாமல் சாலைக்குப் போய் பஸ் பிடிக்க முடியாது.

காட்டோரம் ஆடு மேய்க்கும் பெண் மறிக்கிறார்.

"அதப் போட்டுட்டு வாங்கய்யா. இந்தக் காட்டுச் சுள்ளி ஒண்ணக்கூட வெளிய கொண்டுபோக மாட்டோம்."

"காய்ந்த குச்சிதானம்மா? இத்தனை குதிரை வைத்திருக்கும் சாமிக்கு இது எதற்கு?"

"அத அவருகிட்டயே கேளுங்க. மழை பெய்யலன்னா ஊரு எங்களத்தான் கேக்கும்."

"நான் விழுந்தால்?"

"விழுந்தா தூக்குறோம்."

நல்ல ஏற்பாடு. குச்சியைப் போடுகிறேன். என் தள்ளாட்டத்தைப் பார்த்தவர், ஒரு கிடாயின் கயிற்றை என் கையில் திணிக்கிறார்.

"ரோடு வரைக்கும் இவன் இழுத்துட்டுப் போவான். நானும் பின்னாடியே வாரேன்."

இழுக்கிறது. இல்லை, ஓடுகிறது. பின்னாலிருந்து அவர் கத்துகிறார்.

"கயித்த விட்டுறாதீங்கய்யா! கருப்பருக்கு நேந்துவிட்ட கிடா!"

காய்ந்த குச்சியைத் தர மனமில்லாத சாமி, தன் விருந்தையே என்னோடு அனுப்பியிருக்கிறார். பஸ்ஸுக்கு முன்பே சாலைக்கு வந்துவிட்டேன். மூச்சுதான் இன்னும் வரவில்லை.