எண்ணூர் ஒட்டகமும் என் அருகம்புல்லும்

விடியற்காலை ஐந்தரைக்கு ராயபுரத்தில் காசிம் பாயின் ஜட்காவில் ஏறினேன். எண்ணூர் எட்டு மைல். ஜட்காக் குதிரைகளுக்கு அருகம்புல் அறுத்து விற்றே தலை நரைத்தவள் நான்; திருவொற்றியூர்க் கோயிலுக்கு வடக்கே அன்றுவரை போனதில்லை. காலடியில் ஒரு கட்டுப் புல். எண்ணூரில் பாயின் தோஸ்து ரஹீமின் ஒட்டகம் மூன்று நாளாய்த் தீனிக்கு வாய் திறக்கவில்லையாம். பிள்ளைகளை அதன் மேல் ஏற்றிச் சுற்றி வருவதுதான் அவருக்குப் பிழைப்பு.

"உன் புல்லத் துன்னாத குதிர எங்க கீது ஆயா? அதான் இட்டுகினு போறேன்," என்றார் பாய். உள்ளதைத்தானே சொன்னார்.

திருவொற்றியூர் தாண்டியதும் வீடுகள் குறைந்து, உப்பளங்கள் வெள்ளையாய் விரிந்தன. ஏழு மணிக்கு எண்ணூர்க் கழிமுகம். ஒரு தென்னையடியில் ஒட்டகம் படுத்திருந்தது, பக்கத்தில் ரஹீம். புல்லை வைத்தேன். முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"இன்னா ஆயா, உன் சரக்கு இங்க போணியாவல," என்றார் பாய்.

எனக்குச் சுருக்கென்றது. வழியில் வாடியிருக்கும் என்று, கரையோரத்து அருகை அறுத்தேன். மண் ஒட்டிய புல்லைக் குதிரை தொடாது. அறுத்ததும் அலசுவது எங்கள் வழக்கம். கைப்பழக்கத்தில் கழிமுகத் தண்ணீரிலேயே முக்கிவிட்டேன்.

"ஐயே, உப்புத் தண்ணில போய் அலசிட்டியே. பேஜாராப் பூட்ச்சி," என்றார் பாய்.

வீசப் போனேன். ஒட்டகம் கழுத்தை நீட்டி என் கையிலிருந்தே இழுத்தது. முதலில் நக்கியது, பிறகு மென்றது. ரஹீம் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதார். "உப்புக்குத்தான் ஏங்கிச்சு அம்மா. புழல் ஏரிப் பக்கம் தங்கியிருந்தப்ப ஒரு மாசமா வெறும் வைக்கோல்தான் போட்டேன். எனக்கு வெளங்கல."

இன்னும் இரண்டு கட்டு அலசிப் போட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அருகு எந்தக் கணுவில் மண்ணைத் தொடுகிறதோ அங்கே வேர் விடும். ஒட்டகம் எந்த முட்டியை மண்ணில் ஊன்றுகிறதோ அங்கே தோல் காய்த்திருக்கிறது. தண்ணீர் இல்லாத நாளை இரண்டும் பொறுத்துக்கொள்ளும். ஒன்று ஆள் உயரத்துக்கு மேலே, ஒன்று கணுக்காலுக்குக் கீழே, அவ்வளவுதான் வித்தியாசம்.

மூன்று மணிக்குக் கிளம்பும்போது ஒட்டகம் எழுந்து நின்றிருந்தது. ரஹீம் அதை மண்டியிட வைத்து, "ஏறி நாலு அடி போய்ட்டு வாங்க அம்மா," என்றார்.

"வுயுந்தா நான் புடிக்கமாட்டேன், சொல்லிட்டேன்," என்றார் பாய்.

ஏறினேன். உப்பளம், கடல், தூரத்தில் துறைமுகத்துக் கப்பல்கள், எல்லாம் ஒரே பார்வையில் தெரிந்தன. இந்த வயதில் இப்படி ஓர் உயரம் எனக்குக் கிடைத்ததே. குனிந்து பார்த்தேன், என்னை அங்கே ஏற்றிவைத்த புல் மட்டும் கண்ணுக்குத் தெரியவில்லை.