பந்தலடித் தூளி

மகள் தன் பிள்ளைக்குப் பால் மறக்கடிக்க வேப்பெண்ணெய்ப் புட்டியைத் திறந்ததும், கம்பம் ஊரில் இன்று வீட்டுமனைகளாகிவிட்ட திராட்சைத் தோட்டம் அந்த நெடியோடு எனக்குள் திரும்பி வந்தது. பந்தல் கம்பியில் சேலைத் தூளிகள் தொங்கும்; இலைகளுக்குள் வெயில் பச்சையாய் இறங்கும்; பழம் வெட்டும் பெண்கள் குரலை வைத்தே எந்தப் பிள்ளை அழுகிறதென்று சொல்லிவிடுவார்கள்.

அம்மாவோடு பழம் வெட்டிய சரோஜா அக்காவுக்குப் பால் பற்றவில்லை. "நீ மொதல்ல சப்பக் குடுத்தா, தன்னால ஊறும்" என்று அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து பழக்கிவிட்டு, மிச்சப் பசிக்கு அவள் மகனைத் தன் மடியில் வாங்கிக்கொள்வாள் என் அம்மா. நாலு வயதுவரை குடித்த என்னை மறக்கடிக்க அம்மா மார்பில் தடவியிருந்த அதே வேப்பெண்ணெயை, அவனுக்காக ஈரத்துணியால் அழுத்தி அழுத்தித் துடைப்பாள். ஒருநாள் வீட்டுக்கு ஓடிப்போய்ப் புட்டியையே தூக்கிவந்து நீட்டினேன்.

"அவனுக்கும் தடவும்மா."

"ஏ கழுத, அவென் பச்சப்புள்ளத்தா. ஒனக்குத்தேன் பல்லு மொளச்சிருச்சுல்ல."

அவனுக்கு இப்போது மீசை நரைத்துவிட்டது. கடைவீதியில் எதிர்ப்பட்டால், "அம்மா நல்லாருக்காகளாக்கா?" என்று ஆசையாகக் கேட்பான்.

"எங்கம்மா நல்லாத்தேன் இருக்காக" என்பேன், அந்த 'எங்க'வை மட்டும் கொஞ்சம் அழுத்தி.