பாதியில் நிறுத்திய பாட்டுகள்

பேய்க்கதை சொல்ல வருகிற எவரையும் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: எர்த் சரியாக இருந்ததா? இருபது வருடமாக மைக்செட் வைத்துப் பிழைக்கிறேன். சுடுகாட்டு வேப்பமரத்தில் குழாய் ஸ்பீக்கர் கட்டியிருக்கிறேன், பிணத்துக்குப் பக்கத்தில் ஒயர் இழுத்திருக்கிறேன், ஒரு நாளும் ஒன்றும் வந்து என் காலைப் பிடித்ததில்லை. ஆள் இல்லாத இடத்தில் சத்தம் வந்தால் எங்கோ ஒயர் உரசுகிறது என்று அர்த்தம். இன்றைக்கும் அப்படியே நம்பத்தான் ஆசை. நீங்கள் நம்பினாலும் சரி, நம்பாவிட்டாலும் சரி, நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். சிரிப்பதாக இருந்தால் கடைசியில் சிரித்துக்கொள்ளுங்கள்.

என் கடை ஜேடர்பாளையம் போகிற ரோட்டில் இருக்கிறது. ஒற்றை அறை, ஜன்னல் கிடையாது, முன்னால் இரும்பு ஷட்டர். மூன்று பக்கமும் கூரை வரைக்கும் பாக்ஸ் ஸ்பீக்கர். மூலையில் ஒரு பழைய கம்ப்யூட்டர், அதில்தான் என் பாட்டு மொத்தமும் இருந்தது. கல்யாணத்துக்கு ஒரு வரிசை, காதுகுத்துக்கு ஒரு வரிசை, கோயில் நோம்பித் திருவிழாவுக்கு ஒரு வரிசை என்று பிரித்து வைத்திருப்பேன். சாவு வீட்டுக்கு மட்டும் ஒவ்வொருவருக்கும் தனி வரிசை, இறந்தவர் பெயரிலேயே. அவருக்குப் பிடித்த பாட்டாகக் கேட்டுச் சேர்த்திருப்பேன், வருடம் திரும்பித் திதி கொடுக்கும்போது அதையே மறுபடி போடச் சொல்வார்கள்.

இங்கே ஒரு வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். பிணத்தை எடுக்கிற நேரத்தில் ஒரு பாட்டு ஓடிக்கொண்டிருந்தால் அதை முடிய விடமாட்டோம். "எடுங்க சாமி" என்று குரல் வந்த நொடியில் ஆம்ப்ளிஃபயர் சுவிட்சை அணைத்துவிட வேண்டும், பாடகர் பாதி வரியில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாலும் சரி. கம்ப்யூட்டரைத் தொடமாட்டோம். அது பாட்டுக்குச் சத்தமில்லாமல் ஓடி முடித்துக்கொள்ளும். ஆகவே பாட்டு எந்த இடத்தில் அறுந்தது என்பது சுவிட்சை அணைத்த என் கைக்குத்தான் தெரியும், கம்ப்யூட்டருக்குத் தெரியாது. இதை மறந்துவிடாதீர்கள்.

போன பங்குனியில் அந்தக் கம்ப்யூட்டர் இழுத்துக்கொண்டு கிடந்தது. உள்ளே டிக் டிக் என்று ஒரு சத்தம். சூரமங்கலத்தில் ரிப்பேர் பார்க்கிறவரிடம் கொண்டுபோனேன். புதுக் கம்ப்யூட்டர் ஒன்றை என் தலையில் கட்டிவிட்டு அவர் சொன்னார்: "இந்த டிஸ்க் இன்னும் ஒரே ஒருக்காதாங்க எந்திரிக்கும். காப்பி போட ஆரம்பிச்சீங்கன்னா நடுவுல கரண்டு போவக் கூடாது. போச்சுன்னா அவ்ளோதான், மறந்துருங்க."

இரண்டு நாளில் மாரியம்மன் நோம்பி. ஊர் முழுக்கக் குழாய் ஸ்பீக்கர் கட்டியாகிவிட்டது. பாட்டு இல்லையென்றால் என் மானமும் போகும், தொழிலும் போகும். அதனால் மதியச் சாப்பாடு முடிந்த கையோடு கடைக்கு வந்து இரண்டு கம்ப்யூட்டரையும் ஒரே பிளக் பாக்ஸில் சொருகினேன். புதியதில் சத்தம் வருகிறதா என்று பார்க்க ஆம்ப்ளிஃபயரையும் போட்டேன். போனுக்குச் சார்ஜ் போட இடம் இல்லாமல் எதிர் டீக்கடை ராசு அண்ணனிடம் கொடுத்துவிட்டு வந்தேன். வெயில் திரையில் அடித்தது, லாரிப் புழுதி வேறு. ஷட்டரை இழுத்துவிட்டேன். அது படாரென்று இறங்கித் தரையில் உட்கார்ந்தது. கிரீஸ் போட வேண்டும் என்று மூன்று மாதமாக நினைத்துக்கொண்டே இருந்த ஷட்டர்.

காப்பி ஓட ஆரம்பித்தது. பத்து நிமிடம் கழித்துத் தண்ணீர் குடிக்க வெளியே போகலாம் என்று ஷட்டரைத் தூக்கினேன், வரவில்லை. காலை ஊன்றித் தூக்கினேன், கம்பியை விட்டு நெம்பினேன். அசையவே இல்லை. சரி, மைக்செட்காரனுக்கு என்ன கவலை என்று மைக்கை எடுத்தேன்.

"ராசண்ணா! ஷட்டரு சிக்கிக்கிச்சுங்! செத்த வாங்க!"

வெளியிலிருந்து அவர் குரல் வந்தது. "நல்லாக் கேக்குதுப்பா! பேஸு மட்டும் கொஞ்சங் கொறைச்சுக்க!"

மறுபடியும் கத்தினேன். ஐயோ என்றேன், காப்பாத்துங்க என்றேன். டீக்கடையில் யாரோ சிரித்தார்கள். நோம்பி வருகிறது, நான் டெஸ்ட் செய்கிறேன் என்று நினைத்துவிட்டார்கள். வாழ்நாள் முழுக்க "ஹலோ, ஹலோ, மைக் டெஸ்ட்டிங்" என்று கத்தியவனுக்கு இது வேண்டும்தான். ஷட்டரைத் தட்டினேன், அதையும் டிரம்ஸ் என்று நினைத்திருப்பார்கள்.

வியர்வையில் சட்டை ஒட்டிக்கொண்டது. காப்பி முடிய இன்னும் ஒரு மணி நேரம் என்று திரை காட்டியது. அப்போதுதான் பாட்டு ஆரம்பித்தது.

ஆரம்பித்தது என்பது தப்பு. நடு வரியில், ஒரு பெண் குரல் மேலே ஏறுகிற இடத்திலிருந்து வந்தது. எனக்குச் சட்டென்று பிடிபடவில்லை. அடுத்த அடி வந்ததும் பிடிபட்டது. அது முந்தின வருடம் இறந்த மேட்டுக்காட்டுப் பழனியம்மா வரிசைப் பாட்டு. அந்த அம்மாவை எடுத்தபோது நான் அணைத்த அதே இடம். அணைத்ததற்கு அடுத்த மூச்சிலிருந்து பாட்டு வந்துகொண்டிருந்தது.

மவுஸைப் பிடித்தேன், நகரவில்லை. திரையில் காப்பி மட்டும்தான் ஓடியது, பாட்டு எதுவும் ஓடுவதாகக் காட்டவில்லை. பழனியம்மா பாட்டு கடைசி வரைக்கும் போய் முடிந்தது. அடுத்தது லாரி செல்வராசு, சங்ககிரி பக்கம் விபத்தில் போனவர். அதுவும் அறுந்த இடத்திலிருந்துதான். அடுத்தது தறிக்காரர் ஒருவர். யாருக்குப் பின்னால் யார் செத்தார்களோ அதே முறையில்.

ஆம்ப்ளிஃபயரை அணைத்தேன். சிவப்பு விளக்கு அணைந்தது. அணைத்த பிறகும் இரண்டு வினாடி சத்தம் இழுக்கும், உள்ளே மிச்சமிருக்கும் கரண்ட் அது, எனக்குத் தெரியும். இது நிற்கவே இல்லை. விளக்கு எரியாத பெட்டியிலிருந்து அடுத்தடுத்த சாவு வீடுகள் வந்துகொண்டிருந்தன.

மிச்சமிருந்தது மெயின் சுவிட்ச் ஒன்றுதான். அதில் கையை வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. இறக்கினால் சத்தம் நின்றிருக்குமோ என்னவோ, காப்பி நிச்சயமாக நின்றிருக்கும். இருபது வருடப் பாட்டு, நோம்பி, எல்லாம் போயிருக்கும். உண்மையைச் சொல்கிறேன், அவ்வளவு பயத்திலும் நான் இறக்கவில்லை. கதவும் திறக்காது, கரண்டையும் நிறுத்த முடியாது. நடுவில் தரையில் உட்கார்ந்து காதைப் பொத்திக்கொண்டேன். பாக்ஸ் ஸ்பீக்கருக்கு நடுவில் காதைப் பொத்தி என்ன பிரயோஜனம், நெஞ்சுக்கூட்டில் அல்லவா அடிக்கிறது.

கடைசியாக அப்பா வந்தார்.

அப்பா லாரி டிரைவர். ஸ்டீயரிங்கில் தாளம் போட்டபடி ஒரு பழைய பாட்டுப் பாடுவார். தை மாதம் அவர் இறந்தபோது செட்டை நானே கட்டினேன், எடுக்கும்போது நானே அணைத்துவிட்டுக் கொள்ளிச்சட்டி தூக்கப் போனேன். அதற்குப் பிறகு அந்தப் பாட்டை நான் கேட்டதே இல்லை. அன்றைக்கு மீதிப் பாட்டு முழுவதையும் கேட்டேன். பயத்தை மறந்து தேம்பித் தேம்பி அழுதேன்.

அப்பாவோடு முடிய வேண்டும். மனசு வராமல் அதற்குப் பிறகு நான் எந்தச் சாவு வீட்டுக்கும் செட் கட்டவில்லை, அவருக்குப் பின்னால் வரிசையே கிடையாது. கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தேன்.

இன்னொரு பாட்டு வந்தது.

இது பாதியிலிருந்து வரவில்லை. முதல் இசையிலிருந்து, நிதானமாக ஆரம்பித்தது. ஒயர் சுருட்டும்போது நான் எப்போதும் முனகுகிற பாட்டு. எனக்கு அதுதான் பிடிக்கும் என்பது என் சம்சாரம் சுமதியைத் தவிர யாருக்கும் தெரியாது. சுவரோடு சுவராக ஒட்டி நின்றேன். மற்ற எல்லாப் பாட்டும் ஏன் அறுந்த இடத்திலிருந்து வந்தது, இது மட்டும் ஏன் முதலிலிருந்து வருகிறது என்பது அப்போதுதான் புரிந்தது. இது இன்னும் அறுக்கப்படாத பாட்டு, என் பாட்டு.

இரண்டாவது சரணத்தில் ஷட்டருக்கு வெளியே பேச்சுச் சத்தம். கடப்பாரை உரசுவது கேட்டது. "அந்தப் பக்கம் புடிங்க. எல்லாருஞ் சேந்து. ம், எடுங்க சாமி!"

ஷட்டர் தூக்கிக்கொண்டது. பாட்டு பாதி வரியில் அறுந்தது.

வெளிச்சத்தில் கண் கூசியது. பதினைந்து பேர் நின்றிருந்தார்கள், ஆண்கள் தோள் துண்டை இடுப்பில் கட்டியிருந்தார்கள், பெண்கள் இரண்டு பேர் முந்தானையை வாயில் வைத்திருந்தார்கள். சாவு வீட்டு வாசலில் நிற்கிற மாதிரியே நின்றார்கள். ராசு அண்ணன்தான் முன்னால் வந்தார், கையில் என் போன்.

"ஏஞ்சாமி, ஒரு மணி நேரமா எளவுப் பாட்டாவே போட்டுட்டு இருக்கியே. ஆரு தவறிப்போனது? சொன்னா எல்லாரும் ஊட்டுக்கு வருவோம்ல."

ஷட்டர் சிக்கிக்கொண்டது என்றேன்.

காப்பி முழுசாக முடிந்திருந்தது. ஒரு பாட்டுக்கூடக் குறையவில்லை, நோம்பி ஜோராக நடந்தது. எர்த்தை மறுநாளே பார்த்தேன், அப்பழுக்கில்லாமல் இருந்தது. புதுக் கம்ப்யூட்டரில் அப்பா பெயருக்குக் கீழே பெயரில்லாமல் ஒரு வரிசை இருக்கிறது. அதில் ஒரே ஒரு பாட்டு. இரண்டாவது சரணத்தில் நின்றிருப்பதாகத் திரை காட்டுகிறது. அதை ஓட்டிப் பார்க்கவும் தைரியம் இல்லை, அழிக்கவும் தைரியம் இல்லை. தினமும் அதன் முகத்தில் விழித்துத்தான் கடையைத் திறக்கிறேன். ஒயர் சுருட்டும்போது வாயை இறுக்கி மூடிக்கொள்கிறேன். யாராவது அந்தப் பாட்டைக் கேட்டால் என்னிடம் இல்லை என்று சொல்லிவிடுகிறேன்.

சுமதியிடம் இதையெல்லாம் நான் சொல்லவே இல்லை. போன வாரம் அவள் அடுப்படியில் அரிசி களைந்துகொண்டே எதையோ முனகினாள். அந்தப் பாட்டுதான். முதலிலிருந்து பாடவில்லை. ஷட்டர் தூக்கியபோது அறுந்ததே, அதற்கு அடுத்த சொல்லிலிருந்து ஆரம்பித்தாள். அன்றைக்கு மீதி ஓடி முடிந்த பாட்டெல்லாம் செத்தவர்களுடையது. ஓடிப்போய் அவள் வாயைப் பொத்தினேன்.

கையை விலக்கிவிட்டு அவள் என்னை வினோதமாகப் பார்த்தாள். "ஏனுங்க, என்னாச்சு உங்குளுக்கு? காலையில இருந்து இந்த எடந்தான் வாயில வந்துக்கிட்டே இருக்குது. இன்னும் நாலு வரிதானுங்க, பாடி முடிச்சர்றேன்."