தேய்த்த தோசைக் கல்

பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகிற ரோட்டில் எங்கள் சாப்பாட்டுக் கடை. நான் அடுப்படி, வீட்டுக்காரி கல்லா. சாப்பிட வருகிறவர்கள் பெரும்பாலும் சிமெண்ட் லாரிக்காரர்கள். அவர்களுக்கு முன்னால் அவர்கள் லாரித் தூசி வந்துவிடும்.

ஒருநாள் உணவுப் பாதுகாப்பு ஆபீசர் வந்தார். சட்னிச் சட்டிக்கு மூடி இல்லை. சுவரெல்லாம் புகைக் கரி. என் தலையில் தொப்பி இல்லை. எல்லாம் எழுதிக்கொண்டார்.

"அடுத்த வாரம் திரும்ப வருவேன். இப்படியே இருந்துச்சுன்னா பூட்ட வேண்டியதுதான்" என்றார்.

எங்களுக்கு வேறு பிழைப்பு இல்லை. சுவருக்கு வெள்ளை அடித்தேன். மூடி வாங்கினேன். தொப்பி போட்டேன்.

தினமும் வருகிற லாரிக்காரர் ஒருவர் என்னைப் பார்த்து, "அண்ணே, ஆபரேஷன் எத்தனை மணிக்கு?" என்றார்.

நான் கல் பக்கம் திரும்பிக்கொண்டேன். தோசை கருகிவிடும்.

ஆபீசர் வருவதற்கு முதல் நாள், சின்ன வெங்காயம் வாங்க டவுனுக்குப் போயிருந்தேன். திரும்பி வந்தால், வீட்டுக்காரி கடையில் இருந்த அத்தனையையும் தேய்த்து வைத்திருந்தாள். தோசைக் கல்லையும். செங்கல் பொடி போட்டு. பல வருசம் எண்ணெய் குடித்துக் கறுத்த கல். இப்போது அதில் முகம் பார்க்கலாம்.

"நல்லாருக்குங்களா?" என்றாள்.

"தோசை வராது" என்றேன்.

எண்ணெய் ஊற்றி, பாதி வெங்காயத்தால் தேய்த்து, சுடவைத்துப் பார்த்தேன். கல் மசியவில்லை.

காலையில் ஆபீசர் வந்தார். மூடியைத் திறந்து பார்த்தார். சுவரைத் தொட்டுப் பார்த்தார். ஒன்றும் எழுதவில்லை. பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

"பசிக்குதுங்க. ஒரு தோசை போடுங்க. காசு குடுத்துத்தான் சாப்பிடுவேன்."

"இட்லி சூடா இருக்குங்க சார்" என்றாள் வீட்டுக்காரி.

"தோசையே குடுங்க."

முதல் தோசை பாதி கல்லோடு நின்றது. இரண்டாவது அதைவிட மோசம். லாரிக்காரர் எட்டிப் பார்த்தார்.

"சார் தோசை கேட்டாருண்ணே. கொத்துப் பரோட்டா கேக்கல."

ஆபீசர் எழுந்து வந்தார். எனக்குத் தொப்பிக்குள் வியர்த்தது.

"கல்லை யாரு தேச்சது?"

"நான்தாங்க சார்" என்றாள். "பூட்டிடுவேன்னு சொன்னீங்களே."

"கல்லை விட்டுருக்கலாமேம்மா. எங்க வூட்ல இத செஞ்சிருந்தா அப்புறம் தெனம் உப்புமாதான்."

பிறகு பேனாவை எடுத்தார். ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

"எல்லாம் சரியா இருக்கு. கடைய நடத்துங்க" என்றார். பிய்ந்த தோசையைச் சட்னியில் தோய்த்துத் தின்றார். காசு வைத்துவிட்டுப் போனார்.

அவர் கொடுத்த தாளை வீட்டுக்காரி கல்லாவுக்கு மேலே மாட்டினாள். லாரிக்காரர் நின்று முழுவதும் படித்தார்.

"தோசையப் பத்தி ஒரு வார்த்தை இல்ல. பொழைச்சீங்க."

கல் பழையபடி கறுக்க நாளாயிற்று. அதுவரை லாரிக்காரர் இட்லிதான் தின்றார். தின்றதைவிடச் சொல்லிக்காட்டியது அதிகம்.

சில மாதம் கழித்து ஆபீசர் மறுபடி வந்தார். மூடி, சுவர் எல்லாம் அப்புறம். முதலில் கல்லிடம் வந்தார். அது கறுப்பாக இருந்தது.

"இன்னிக்கு முழுசா வருமா?"

"உக்காருங்க சார்" என்றேன்.