நார்த்கேட்டுக்காக அடித்த கற்பூரம்

சோமேஷ் குருக்களுக்குக் கல்யாணம் தட்டிப்போனதற்கு, இங்கிலாந்தில் ஒரு பணக்கார ஃபுட்பால் கிளப், இடது பக்கம் தடுத்து ஆடுகிற லெஃப்ட் பேக் ஒருவனை வாங்காததுதான் காரணம் என்று சொன்னால் யார் நம்புவார்கள்? அவருடைய ஜாதகத்தில் ஏழாம் இடத்தைக் குடைந்து பார்த்தவர்கள் திருவண்ணாமலையில் நிறையப் பேர். ராகுவைச் சொன்னார்கள், செவ்வாயைச் சொன்னார்கள். பாவம், அந்தக் கிரகங்களுக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது.

சாம்பமூர்த்தி குருக்களின் ஒரே பிள்ளை சோமேஷ். பெரிய கோயிலில் முறை உள்ள குடும்பம். ஆனால் கல்யாணமாகாதவர் அங்கே மூலஸ்தானத்துக்குள் போய்ப் பூஜை செய்யக் கூடாது என்பது அவர்கள் வீட்டு வழக்கம். அதனால் முப்பத்தைந்து வயதிலும் அவருக்கு வாய்த்தது கிரிவலப் பாதையில், அடி அண்ணாமலைக்குச் சற்று முன்னால் இருக்கும் சின்ன அம்மன் கோயில்தான். காலையிலும் சாயங்காலமும் அபிஷேகம், தீபாராதனை. நடை சாத்தியிருக்கும் நேரமெல்லாம் செங்கம் ரோட்டில் மணிவேலின் காபிக் கடை.

ஆசிரமத்துக்கு வருகிற வெள்ளைக்காரர்கள் ஃபுட்பால் பார்ப்பார்கள் என்று நம்பித்தான் மணிவேல் அங்கே பெரிய டிவி மாட்டினார். மௌனம் தேடி வந்தவர்கள் அந்தப் பக்கம் திரும்பக்கூட இல்லை. உள்ளூர்க்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். அப்படி ஒட்டிக்கொண்டதுதான் சோமேஷுக்கு இந்தப் பைத்தியம். அவர் டீம் நார்த்கேட். எண்ணெய்க் கிணறு வைத்திருக்கும் ஒரு முதலாளி வாங்கிப்போட்ட கிளப். வருஷா வருஷம் கோடிக்கணக்கில் கொட்டி ஆட்களை வாங்குவார்கள். வருஷா வருஷம் ரெண்டாவதோ மூணாவதோ வந்து நிற்பார்கள். பேர் வடக்கு வாசல் என்று இருப்பதால், பெரிய கோயிலின் வடக்குக் கோபுரத்தை வைத்துக் கடையில் அதற்கு 'அம்மணியம்மன் கோபுரத்து டீம்' என்று பட்டப்பெயர் வைத்திருந்தான் பிரகாஷ்.

பிரகாஷ் சோமேஷோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன். வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸில் கிளார்க். அவனுக்கென்று ஒரு டீம் கிடையாது. நார்த்கேட் தோற்க வேண்டும், அவ்வளவுதான் அவன் கட்சி. சோமேஷின் கட்சியில் இருந்த ஒரே ஆள் அறிவுச்செல்வன். கீழ்பென்னாத்தூருக்கு வேன் ஓட்டுகிறவன். டிரிப் முடிந்தால் நேராகக் கடைக்கு வந்துவிடுவான்.

கல்யாணத்தைக் கெடுத்த சத்தியம் எட்டு வருஷத்துக்கு முந்தைய கதை. நார்த்கேட் அப்போது எல்லாரையும்விட எங்கேயோ மேலே இருந்தது. சீசன் முடிய நாலைந்து ஆட்டம்தான் பாக்கி. கப் கைக்கு வந்துவிட்டதாகவே சோமேஷ் பேசிக்கொண்டிருந்தார். பிரகாஷ் விடுவானா?

"சாமி, உனக்கு வேணா கல்யாணம் ஆவும். இந்த டீமு கப் அடிக்காது."

"அப்படியா? இந்த டீமு கப் அடிக்காம நான் தாலியே கட்டமாட்டேன். போதுமாடா?"

வேறு யாராவது இப்படிச் சொல்லியிருந்தால் பேச்சோடு போயிருக்கும். மறுநாள் அவனுக்கே ஞாபகம் இருந்திருக்காது. ஆனால் இவர் குருக்கள். மடியில் எந்நேரமும் கற்பூரப் பாக்கெட் இருக்கும். எடுத்தார், மணிவேலின் பெஞ்சின் மேல் வைத்துக் கொளுத்தினார், உள்ளங்கையால் அடித்து அணைத்தார். எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். அந்த நாலைந்து ஆட்டத்தில் நார்த்கேட் ஒன்றில்கூட ஜெயிக்கவில்லை.

முதல் இரண்டு வருஷம் அது தமாஷாகத்தான் இருந்தது. ஜாதகம் வந்தால் ஏதாவது சாக்குச் சொல்லித் தள்ளிவிடுவார். பிறகு ஜாதகம் வருவதே கம்மியாகிவிட்டது. கோயில் குருக்களுக்குப் பெண் கொடுக்கிறவர்கள் இப்போது யார் இருக்கிறார்கள்? பெண்கள் படித்துவிட்டார்கள், தட்டில் விழுவதை நம்பிக் குடித்தனம் நடத்த மாட்டேன் என்கிறார்கள். அதில் தப்பும் இல்லை. சாம்பமூர்த்தி குருக்கள் ஊர் ஊராக அலைந்து செருப்புத் தேய்ந்ததுதான் மிச்சம். பிள்ளையின் சத்தியம் அவருக்குக் கடைசிவரை தெரியாது.

ஒரு சத்தியத்துக்குப் பரிகாரமா இல்லை என்று நீங்கள் கேட்கலாம். அதை அவரிடமே கேட்ட ஆட்கள் உண்டு. அவர் கோயில் கற்பூரச் சத்தியத்துக்குப் பேர்போனது. வரப்புத் தகராறு, அண்ணன் தம்பி சண்டை, குடி, எல்லாவற்றுக்கும் சுற்றுப்பட்ட கிராமங்களிலிருந்து அங்கேதான் வருவார்கள். கொளுத்தி வைப்பவர் சோமேஷ். "அம்மன் முன்னாடி அடிக்கற கற்பூரம், விளையாட்டு இல்ல" என்று ஒவ்வொருவரிடமும் சொல்லித்தான் கொளுத்துவார். சுப்பன் என்று ஒருவர் அப்படிக் கற்பூரம் அடித்துக் குடியை விட்டார். அவர் மனைவி எல்லம்மாள் வெள்ளி தவறாமல் எலுமிச்சம்பழத்தோடு வந்து நிற்பாள். காபிக் கடைச் சங்கதி காதில் விழுந்த பிறகு ஒருநாள் சுப்பன் சிரித்துக்கொண்டே கேட்டார்.

"நீ எப்ப சாமி உன் சத்தியத்த உடப்போற? சொல்லு, அன்னிக்கே நானும் உட்டுட்றேன்."

எல்லம்மாள் சிரிக்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்த பிறகு சோமேஷுக்குப் பரிகாரம் என்ற பேச்சையே எடுக்க வாய் வரவில்லை.

போன கார்த்திகையில்தான் சிவப்பிரியாவின் ஜாதகம் வந்தது. அவளும் குருக்கள் வீட்டுப் பெண்தான். கீழ்பென்னாத்தூரில் பள்ளிக்கூட டீச்சர். வயசு இருபத்தொன்பது. பூச நட்சத்திரம், கடக ராசி, பொருத்தம் அமோகம். எல்லாவற்றுக்கும் மேலாக, குருக்கள் மாப்பிள்ளை வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை. "அப்பாவ பாத்து வளந்தவ நான். எனக்கு என்ன புதுசா?" என்று கேட்டாளாம். சோமேஷ் பெண் பார்த்துவிட்டு வந்தார். எட்டு வருஷமாக இல்லாத பயம் அன்றைக்குத்தான் பிடித்தது. தையிலேயே முகூர்த்தம் வைக்கலாம் என்றார்கள். வைகாசி வரைக்கும் பொறுக்கச் சொன்னார். நார்த்கேட் சீசன் வைகாசியில் முடியும். பெண்ணின் அப்பா யோசித்தார். வைகாசிக்கு மேல் ஒரு நாள்கூடத் தள்ள முடியாது, ஓசூரிலிருந்து ஒரு கம்பெனிக்காரப் பையனின் ஜாதகம் கையில் இருக்கிறது என்று சொல்லிவிட்டார்.

அன்றுமுதல் காபிக் கடை விவாதம் சோமேஷுக்குப் பொழுதுபோக்காக இல்லை. ஜனவரி முழுக்க ஆள் வாங்கும் நேரம். நார்த்கேட்டின் லெஃப்ட் பேக் முழங்கால் பிசகிப் படுத்துவிட்டான். சின்னக் குழந்தைகூட அந்த இடத்துக்கு ஓர் ஆளை வாங்கச் சொல்லும்.

"வாங்கிருவாங்க சாமி, காசா இல்ல அவங்ககிட்ட?" என்றான் அறிவுச்செல்வன்.

"காசு ஜாஸ்தியா இருக்கறவனுக்கு எது தேவைன்னு தெரியாதுடா" என்றான் பிரகாஷ். "பாரு, இன்னொரு ஃபார்வர்டதான், கோல் அடிக்கறவனதான் வாங்குவான். போஸ்டர்ல போட அழகா இருக்கணும்ல."

"வாயக் கழுவுடா" என்றார் சோமேஷ். குரல் உடைந்துபோய் வந்தது. பிரகாஷ் அப்போதுதான் அவர் முகத்தைச் சரியாகப் பார்த்தான். விஷயம் முழுக்கத் தெரிந்ததும் அவனுக்கே வெட்கமாகிவிட்டது. அன்றைக்கு அப்புறம் நார்த்கேட் தோற்கவேண்டும் என்று அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. சோமேஷுக்கு அது கேலியைவிடப் பயமாக இருந்தது.

ஜனவரி முடிந்தது. நார்த்கேட் ஒரு ஃபார்வர்டை வாங்கியது. பொன்னிறமாகத் தலைக்குச் சாயம் பூசிய ஒருவன். ஏற்கெனவே அந்த இடத்துக்கு நாலு பேர் இருந்தார்கள்.

பங்குனியில் சிவப்பிரியா போனில் நேராகவே கேட்டாள். "ஏன் வைகாசி? யார்கிட்டயும் சொல்லாத காரணம் ஏதோ இருக்கு. வேற யாராவது பொண்ணா?" சோமேஷ் சொல்லிவிட்டார். அவள் முதலில் சிரித்தாள், விடாமல் சிரித்தாள். இந்தப் பக்கம் சிரிப்பே வராததைக் கவனித்த பிறகுதான் நிறுத்தினாள்.

"நிஜமாவா?"

"கற்பூரம் அடிச்சுட்டேன் சிவா."

அவள் போனை வைத்துவிடுவாள் என்றுதான் நினைத்தார். இரண்டு நாள் பேச்சில்லை. மூன்றாம் நாள் அவளே கூப்பிட்டாள். "இடது பக்கம் ஆளே இல்லியே. அந்த சைடு வழியாவே எல்லாரும் உள்ள வந்துட்றாங்க. ஏன் யாரையும் வாங்கல?" பந்து விளையாட்டையே பார்த்தறியாத பெண், ஆட்டத்தைப் போட்டு உட்கார்ந்து பார்த்திருக்கிறாள். சோமேஷ் சுவரோரம் திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதற்கப்புறம் ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் அவளிடமிருந்து போன் வரும். புது ஃபார்வர்டைத் திட்டுவாள், மானேஜரைத் திட்டுவாள். கல்யாணப் புடவையைப் பற்றி ஒருநாளும் அவர்கள் பேசியதில்லை. ஆனால் அவருடைய வாழ்க்கையில் அதுதான் நல்ல காலம்.

நார்த்கேட் இழுத்துப் பிடித்துக் கடைசி ஆட்டம்வரை வந்துவிட்டது. ஜெயித்தால் கப். டிரா என்றால் கிடையாது. ஆட்டம் சனிக்கிழமை சாயங்காலம், சரியாகத் தீபாராதனை நேரம். அன்றைக்கு மட்டும் அப்பாவை வந்து பூஜை செய்யச் சொல்லியிருக்கலாம். சோமேஷ் கேட்கவில்லை. அம்மனை விட்டுவிட்டு டிவி முன்னால் உட்கார்ந்தால் அம்மனே தோற்கடித்துவிடுவாள் என்று பயம்.

அறிவுச்செல்வன் போனோடு வந்து வரிசையில் நின்றான். உள்ளே போன் எடுத்துப் பேச முடியாது. கையால் சொல்வது என்று ஏற்பாடு. அபிஷேகம் நடக்கும்போது கட்டைவிரலைத் தூக்கினான், ஒரு கோல். சோமேஷ் பால் சொம்பை அப்படியே முழுசாகக் கவிழ்த்தார். அலங்காரத்துக்குத் திரை போட்டார்கள். உள்ளே அம்மனுக்குப் புடவை கட்டிக்கொண்டே மந்திரத்துக்கு நடுவில், "வேற எதுவும் வேண்டாம், இந்த ஒண்ணு மட்டும்" என்று வாய்விட்டே கெஞ்சினார். திரை விலகியது. அறிவுச்செல்வன் இன்னும் கட்டைவிரலைத் தூக்கியபடியே நின்றுகொண்டிருந்தான். சோமேஷ் கற்பூரத்தைக் கொளுத்தி, மணியைக் கையில் எடுத்து, தீபாராதனை காட்டினார். தட்டோடு கூட்டத்தின் பக்கம் திரும்பியபோது அவன் கையைக் காணவில்லை. தலையைக் குனிந்து நின்றான்.

தட்டு வரிசையில் ஒவ்வொருவராகக் கடந்து அவனிடம் வந்தது. ஒற்றிக்கொள்ளக் குனிந்தவன் மெதுவாகச் சொன்னான்.

"கடைசி நிமிஷம் சாமி. இடது பக்கமா வந்து அடிச்சுட்டான்."

சோமேஷ் அடுத்தவரிடம் தட்டை நீட்டினார். அதற்கடுத்தவரிடமும் நீட்டினார். விபூதி கொடுத்தார். யாரும் எதுவும் கவனிக்கவில்லை.

நடை சாத்தப்போகும் நேரத்தில் சிவப்பிரியா கூப்பிட்டாள். அவளும் பார்த்திருந்தாள். அழுது முடித்த குரல்.

"விட்டுடுங்களேன். நாளைக்கே நான் பஸ் ஏறி வரேன். உங்க அம்மன் முன்னாடி ரெண்டு பேருமா விழுந்து மன்னிப்பு கேட்டுக்கலாம். தண்டனை ஏதாவதுன்னா எனக்கும் சேத்தே குடுக்கட்டும்."

இதைவிட ஒரு பெண் என்ன சொல்ல முடியும்? சோமேஷ் அந்த இடத்தில் சரி என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவர் கண்முன் எலுமிச்சம்பழத்தோடு எல்லம்மாள் நின்றாள். எட்டு வருஷமாக ஊருக்கெல்லாம் சொன்ன 'விளையாட்டு இல்ல' என்ற வார்த்தை நினைவுக்கு வந்தது. எதையாவது சொல்லி அவளை நிறுத்தி வைக்கவேண்டும் என்ற தவிப்பில் வாயில் வந்ததைச் சொன்னார்.

"அடுத்த சீசனுக்குக் கண்டிப்பா லெஃப்ட் பேக் வாங்கிடுவாங்க சிவா."

அந்த மனுஷனை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது.

"சரிங்க" என்றாள் சிவப்பிரியா. போனை வைத்துவிட்டாள். அப்புறம் கூப்பிடவில்லை.

ஆவணியில் ஓசூர்க்காரரோடு அவளுக்குக் கல்யாணம் நடந்தது. அதே ஆவணியில் நார்த்கேட் ஒரு லெஃப்ட் பேக்கை வாங்கியது. உலகத்திலேயே அவன்தான் இப்போது ஒசத்தி என்று பேசிக்கொண்டார்கள். அறிவுச்செல்வன் வேனைப் பாதி வழியில் நிறுத்திவிட்டு ஓடிவந்து சொன்னான். சோமேஷ் விளக்குத் துலக்கிக்கொண்டிருந்தார். கேட்டுக்கொண்டார், தொடர்ந்து துலக்கினார். காபிக் கடைக்கு அவர் போவதில்லை. இந்த வருஷம் கப் நிச்சயம் என்று பிரகாஷே ஒத்துக்கொள்கிறான் என்று மட்டும் கேள்வி.

ஐப்பசியில் ஒரு காலை, கிரிவலம் வந்தவர்களில் புதுசாகக் கல்யாணமான ஜோடி ஒன்று அர்ச்சனைத் தட்டோடு உள்ளே வந்தது. தட்டை வாங்கிய பிறகுதான் சோமேஷ் நிமிர்ந்து பார்த்தார். சிவப்பிரியா. மஞ்சள் கயிறு இன்னும் புதுசாகத்தான் இருந்தது. மாப்பிள்ளை நல்ல மனிதராகத் தெரிந்தார்.

"பேரு, நட்சத்திரம்?" என்று சோமேஷ் அவரிடம் கேட்டார்.

"சரவணபவன். உத்திரட்டாதி, மீன ராசி."

"கோத்திரம்?"

"பாரத்வாஜம்."

சோமேஷ் அம்மன் பக்கம் திரும்பிச் சங்கல்பம் சொன்னார். பாரத்வாஜ கோத்திரம், உத்திரட்டாதி நட்சத்திரம், சரவணபவன். அதற்கடுத்து நிறுத்தி, மனைவியின் பேரையும் நட்சத்திரத்தையும் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. பூச நட்சத்திரம், கடக ராசி, சிவப்பிரியா என்று அவர் வாய் தானாகவே சொல்லிவிட்டது.

"உன் நட்சத்திரம் நான் சொல்லவே இல்லியே?" என்று மாப்பிள்ளை மெதுவாக அவளைக் கேட்டது சோமேஷின் காதில் விழுந்தது.

கற்பூரத் தட்டை நீட்டினார். அவள் இரண்டு கையாலும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். குங்குமத்துக்குக் கை நீட்டும்போது, தலை நிமிராமலே சொன்னாள்.

"லெஃப்ட் பேக் வாங்கிட்டாங்க போல."

"ஆமாம்மா" என்றார் சோமேஷ்.

"யாரு?" என்றார் மாப்பிள்ளை.

"தெரிஞ்சவங்க" என்றாள்.

சோமேஷ் இருவர் கையிலும் குங்குமத்தை வைத்தார். பின்னால் தட்டோடு ஒரு குடும்பம் காத்திருந்தது. கொஞ்சம் தள்ளி நின்று வழி விடச் சொல்லிவிட்டு, அந்தக் குடும்பத்தின் தட்டை வாங்கிக்கொண்டு கேட்டார்.

"பேரு, நட்சத்திரம்?"